கியர் நாப் மாற்றுவதற்கு முன்: மரை, ரிவர்ஸ், எடை, அப்புறம்தான் அழகு

கேள்வி இதுதான்: "ஆறு கியர் மேனுவல் கார். கம்பெனி கொடுத்த கியர் நாப்பில் தோல் உரிந்து கையில் ஒட்டுகிறது. வேறு வாங்கலாம் என்று தேடினால் அலுமினியம், ஸ்டீல், மரம், கால் கிலோ, அரைக் கிலோ என்று கண்ணைக் கட்டுகிறது. கனமான நாப் போட்டால் கியர் வெண்ணெய் மாதிரி விழும் என்கிறார் ஒருவர். கியர்பாக்ஸ் போய்விடும் என்கிறார் இன்னொருவர். எதைப் பார்த்து வாங்குவது?"

இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, நிறைய மிகை இருக்கிறது. அதற்கு வருகிறேன். ஆனால் எடை என்பது இந்த விஷயத்தில் மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதல் கேள்வி, அது உங்கள் லிவரில் ஏறுமா. இரண்டாவது, ஏறிய பிறகு ரிவர்ஸ் போடமுடியுமா. பெரும்பாலானவர்கள் படத்தைப் பார்த்து மயங்கி, எடையைப் படித்து முடிவுசெய்து, பார்சல் வந்த பிறகுதான் மற்ற இரண்டையும் யோசிக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

நான் முதலில் வாங்கியது பளபளவென்று பாலிஷ் போட்ட ஒரு அலுமினிய உருண்டை. பழையதைக் கழற்றிவிட்டு இதை லிவரில் வைத்துச் சுற்றினேன். ஒரு சுற்று போனது, இரண்டு சுற்று போனது, மூன்றாவதில் இறுகியது. புது மரை, அப்படித்தான் இருக்கும் என்று ஒரு துணியைச் சுற்றிப் பிடித்து இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். கரகரவென்று ஒரு சத்தம். கழற்றிக் கவிழ்த்தால் உள்ளேயிருந்து வெள்ளைத் தூளும் சுருள் சுருளாகச் சன்னமான கம்பியும் உள்ளங்கையில் கொட்டின. லிவர் 10 மி.மீ., நாப்பும் 10 மி.மீ. தான். ஆனால் லிவரின் பிட்ச், அதாவது ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் உள்ள இடைவெளி, 1.25 மி.மீ., நாப்பின் பிட்ச் 1.5. லிவர் ஸ்டீல், நாப் அலுமினியம் என்பதால் மரை போனது நாப்பில் மட்டும். நாப்பும் ஸ்டீலாக இருந்திருந்தால் லிவரையும் சேர்த்துப் பழுது பார்க்க வேண்டி வந்திருக்கும்.

ஆகவே மரையைப் பற்றி. மரைக்கு இரண்டு எண்கள் உண்டு. எம்10×1.25 என்றால் வெளிவிட்டம் 10 மி.மீ., ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடைவெளி 1.25 மி.மீ. என்று அர்த்தம். இரண்டும் பொருந்த வேண்டும். ஹோண்டா கார்களில் பெரும்பாலும் எம்10×1.5. மஸ்டா, நிசான், மிட்சுபிஷியில் பெரும்பாலும் எம்10×1.25. டொயோட்டாவிலும் சுபாருவிலும் பெரும்பாலும் எம்12×1.25. பெரும்பாலும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரே கம்பெனி மாடலுக்கு மாடல் மாற்றும். விற்பவர் போடும் பட்டியலை நம்புவதைவிட உங்கள் நாப்பைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

அளப்பது பெரிய வித்தையில்லை. வெர்னியர் இருந்தால் வெளிவிட்டத்தை அளங்கள். 10 மி.மீ. மரை 9.8 சுமாருக்குக் காட்டும், அது சரிதான், புரியின் முனை எப்போதும் கொஞ்சம் மழுங்கியிருக்கும். பிட்சுக்கு ஸ்கேலை மரையோடு ஒட்டிவைத்து 15 மி.மீ. நீளத்தில் எத்தனை புரி என்று எண்ணுங்கள். 12 வந்தால் 1.25, 10 வந்தால் 1.5. 10 மி.மீ. நீளத்தில் எண்ணினால் எட்டா ஆறேமுக்காலா என்று தடுமாறுவீர்கள், அதனால்தான் 15. இன்னும் சந்தேகமாக இருந்தால் இரண்டு பிட்சிலும் ஒவ்வொரு நட் வாங்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். சரியான நட் விரல் நுனியிலேயே கடைசிவரை ஓடும். ஸ்பேனர் தேடத் தோன்றினால் அது உங்கள் நட் இல்லை.

சில கார்களில் மரையே இருக்காது. பிஎம்டபிள்யூவில் நாப் லிவரின் மேல் அழுத்தி மாட்டப்பட்டிருக்கும், நேராக மேலே பலமாக இழுத்தால் வரும். இழுக்கும்போது மூக்குக்கு நேராகக் குனிந்து இழுக்காதீர்கள், பட்டென்று விடுபடும் நாப் நேராக முகத்துக்குத்தான் வரும். ஃபோக்ஸ்வாகன் குடும்பத்தில் நாப்பும் அதன் தோல் உறையும் ஒரே துண்டாக, கீழே ஒரு கிளாம்ப் வளையத்தில் பிடித்திருக்கும். இந்த மாதிரி கார்களுக்கு வெளிச்சந்தை நாப் வாங்கினால் கூடவே அடாப்டர் வேண்டும்.

அடாப்டரில் இரண்டு ஜாதி. ஒன்று, எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று சொல்லி மூன்று நாலு ரப்பர் அல்லது பிளாஸ்டிக் குழாய்களோடு வரும். குழாயை லிவரில் செருகி, நாப்பின் பக்கவாட்டிலுள்ள சின்னச் சின்ன திருகுகளை ஆலன் கீயால் இறுக்க வேண்டும். நாலு வாரம் நன்றாக இருக்கும். அப்புறம் பிளாஸ்டிக் அமுங்கி, நாப் கையோடு லேசாகச் சுற்ற ஆரம்பிக்கும். ஒரு நாள் அவசரமாக இரண்டாவது கியருக்கு இழுக்கும்போது நாப் கையோடு வந்துவிடும், லிவர் மூன்றிலேயே நிற்கும். பேச்சுவழக்கில் ஆட்களைத்தான் மரை கழன்றவர் என்போம். இதில் கழல்வதற்கு மரையே கிடையாது. இரண்டாவது ஜாதி, குறிப்பிட்ட கார் மாடலுக்கென்று உலோகத்தில் கடைந்த அடாப்டர். லிவரின் வெட்டுக்குள் சரியாக உட்கார்ந்து, மேலே ஒரு தரமான மரையைக் கொடுக்கும். என் கணக்கில் மரையில்லாத லிவருக்கு இதைத் தவிர வேறெதையும் வாங்கக் கூடாது. உங்கள் மாடலுக்கு அது கிடைக்கவில்லையென்றால், பழைய நாப்புக்கே புதுத் தோல் தைத்துப் போடுவது எவ்வளவோ மேல்.

இனி ரிவர்ஸ். நீங்கள் ஆறு கியர் என்று சொன்னதால் இது முக்கியம். முன்னால் போகும்போது தவறுதலாக ரிவர்ஸ் விழாமல் இருக்க ஒவ்வொரு காரிலும் ஒரு பூட்டு உண்டு. சிலவற்றில் லிவரைக் கீழே அழுத்திவிட்டுத் தள்ள வேண்டும், சிலவற்றில் இடப்பக்கம் ஒரு கனத்த ஸ்பிரிங்கைத் தாண்டித் தள்ள வேண்டும். இந்த இரண்டு வகைக்கும் எந்த நாப்பும் சரிப்படும். அழுத்தும் வகைக்கு மட்டும் நாப் உறுதியாக உட்கார்ந்திருக்க வேண்டும், திருகில் தொங்கிக்கொண்டிருக்கும் நாப்பை அழுத்தினால் அது லிவரில் கீழே வழுக்கும்.

தொந்தரவு மூன்றாவது வகையில்தான். நாப்பின் அடியில் ஒரு வளையம் இருக்கும், இரண்டு விரலால் அதை மேலே தூக்கினால்தான் ரிவர்ஸ் விழும். அந்த வளையம் சில கார்களில் நாப்போடு சேர்ந்த பாகம், சிலவற்றில் லிவரோடு சேர்ந்த பாகம். நாப்போடு சேர்ந்ததென்றால் நாப்பை மாற்றும்போது வளையமும் போய்விடும், அதற்கு மாற்று வளையம் கொண்ட அடாப்டர் வேண்டும். லிவரோடு சேர்ந்ததென்றால் இரண்டு விஷயம் பாருங்கள். வளையம் மேலே எழும்ப எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு இடைவெளி நாப்புக்கு அடியில் மிஞ்ச வேண்டும். நாப்பின் அடிப்பகுதி வளையத்தைவிட அகலமாக விரிந்து விரலை மறைக்கக் கூடாது. வாங்குவதற்கு முன் பழைய நாப்பை மாட்டியபடியே ரிவர்ஸ் போட்டு, விரல் எங்கே நுழைகிறது, வளையம் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் கோமாளித்தனமாகத் தெரியும், பரவாயில்லை.

சரி, இப்போது எடை.

கியர் மாற்றும்போது கை எதைத் தாண்டுகிறது என்று ஒருமுறை நிதானமாகக் கவனித்துப் பாருங்கள். நேரான சாலையில், மிதமான வேகத்தில், மூன்றிலிருந்து நாலுக்கு மெதுவாக இழுங்கள். முதலில் ஒரு சின்ன மேடு. கியர்பாக்ஸுக்குள் ஸ்பிரிங்கால் அழுத்தப்பட்ட ஒரு குண்டு தன் பள்ளத்தை விட்டு ஏறும் இடம் அது. ஏறியதும் நியூட்ரலில் எதுவும் தடுக்காத ஒரு வெட்டவெளி. அடுத்து மெத்தென்று ஒரு தடை. சிங்க்ரோ ரிங் கியரின் கூம்பில் உரசி இரண்டின் வேகத்தையும் சமமாக்கிக்கொண்டிருக்கிறது, அது முடியும்வரை கியரோடு கோத்துக்கொள்ளும் ஸ்லீவை உள்ளே விடாது. வேகம் ஒத்துப்போனதும் பற்கள் நழுவி உள்ளே போகும், குண்டு அடுத்த பள்ளத்தில் டக்கென்று உட்காரும். ஒரு நொடிக்குள் மேடு, வெளி, மெத்தை, பள்ளம்.

கனமான நாப் இந்த வழியில் மொத்தமாகத் தேவைப்படும் உழைப்பைக் குறைப்பதில்லை. அதை நிரவுகிறது. வெட்டவெளியில் வேகம் பிடித்த எடை, அடுத்த மேட்டைத் தன் ஓட்டத்திலேயே தாண்டுகிறது. தையல் மெஷினின் கனத்த சக்கரம் மிதியைச் சிக்கும் இடத்தில் சிக்காமல் இழுத்துக்கொண்டு போகுமே, அதே வேலை. லேசான நாப்பில் மேடு பள்ளமெல்லாம் விரலுக்குத் தெரியும், கனமானதில் வழுவழுவென்று தோன்றும். வெண்ணெய் என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. கியர்பாக்ஸ் மாறவில்லை, அதிலிருந்து கைக்கு வரும் சேதி மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதில் எடை எங்கே இருக்கிறது என்பதும் கணக்கு. லிவர் திரும்பும் புள்ளியிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் அதே எடையின் விளைவு நாலு மடங்கு. நாப் லிவரின் உச்சியில் இருப்பதால் அங்கே சேர்க்கும் ஒவ்வொரு கிராமும் முழு மதிப்போடு வேலை செய்கிறது. ஹோண்டா 2020 மாடல் சிவிக் டைப் ஆர் காரில் நாப்பின் வடிவத்தை மாற்றி, உள்ளே 90 கிராம் எடையைச் சேர்த்தது. ஒரு கம்பெனியின் பொறியாளர்கள் கியரின் உணர்வை மாற்ற 90 கிராம் போதும் என்று நினைத்திருக்கிறார்கள். வெளியில் விற்கும் அரைக் கிலோ, முக்கால் கிலோ நாப்களைப் பார்க்கும்போது எனக்கு இந்த எண்தான் ஞாபகம் வரும்.

இன்னொன்றும் இருக்கிறது. 70 கிலோ ஆளின் முழங்கைக்குக் கீழே உள்ள கை சுமார் ஒன்றரைக் கிலோ இருக்கும். நாப்பை இறுக்கிப் பிடித்துக் கியர் மாற்றுகிறவருக்கு அந்த ஒன்றரைக் கிலோவும் ஏற்கெனவே லிவரோடு சேர்ந்து நகர்கிறது, அதன்மேல் 150 கிராம் கூடினால் அவருக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியாது. உள்ளங்கையால் தள்ளி, விரல் நுனியால் இழுக்கிற ஆளுக்குத்தான் எடையின் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஒரே நாப்பை ஒருவர் ஆகா என்பதும் இன்னொருவர் இதில் என்ன இருக்கிறது என்பதும் இதனால்தான். நீங்கள் எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று பாருங்கள். பிடியைத் தளர்த்துவதற்குக் காசு செலவில்லை.

வாங்குவதற்கு முன் வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி. சக்கர பேலன்சிங்குக்கு ஒட்டும் எடைப் பட்டைகள் 5 கிராம், 10 கிராம் துண்டுகளாக வரும், பின்னால் பசையோடு. பழைய நாப்பின் கழுத்தைச் சுற்றி முதலில் 50 கிராம் ஒட்டி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றி ஒரு வாரம் ஓட்டுங்கள். அடுத்த வாரம் 100. அதற்கடுத்து 150. பார்க்கச் சகிக்காது, ஆனால் சில வாரத்திலேயே உங்கள் கைக்கு எது போதும் என்று தெரிந்துவிடும். நான் செய்தபோது 50க்கும் 100க்கும் நடுவே வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. 200ஐத் தாண்டியதும் நியூட்ரலில் லிவரைப் பக்கவாட்டில் நகர்த்துவது சோம்பேறித்தனமாகிவிட்டது: மூன்றாவது கியரின் வரிசைக்குத் தாவ வேண்டிய லிவர் தானாக மேலும் கொஞ்சம் போய் ஐந்தை முகர்ந்து பார்த்தது. ஆகவே என் பரிந்துரை, பழைய நாப்பைச் சமையலறைத் தராசில் நிறுத்து, அதைவிட 100 முதல் 150 கிராம் கூடுதலாகத் தேடுங்கள். மொத்தத்தில் 350 கிராமைத் தாண்ட நான் காரணம் பார்க்கவில்லை.

கியர்பாக்ஸ் போய்விடும் என்ற பயத்துக்கு வருவோம். ஆரோக்கியமான கியர்பாக்ஸை 300 கிராம் நாப் ஒன்றும் செய்யாது. சிங்க்ரோவைத் தின்பது அவசரம். வேகம் ஒத்துப்போக விடாமல் ஓங்கித் தள்ளுவது, கிளட்சை முழுதாக மிதிக்காமல் மாற்றுவது இரண்டும் எந்த நாப்பிலும் தின்னும். கனமான நாப்பில் ஒரு வழுக்கல் சுகம் இருப்பதால் சிலர் முன்பைவிட வேகமாக அடிக்க ஆரம்பிப்பார்கள், சேதம் அந்த வழியில் வரலாம். கியர் லிவரின்மேல் கையை வைத்துக்கொண்டே ஓட்டும் பழக்கம் அதைவிட மோசம். கையின் பாரம் லிவர் வழியாக, உள்ளே ஸ்லீவை நகர்த்தும் ஃபோர்க்கைச் சுழலும் ஸ்லீவோடு அழுத்தி, இரண்டையும் மெல்லத் தேய்க்கும்.

ஆனால் ஏற்கெனவே தேய்ந்த கியர்பாக்ஸ் என்றால் கவனம் வேண்டும். குண்டும் ஸ்பிரிங்கும் தளர்ந்த காரில், குழியில் ஏறி இறங்கும்போது உச்சியிலுள்ள எடை லிவரை உலுக்கி கியரை வெளியே தள்ளிவிடலாம். லிவர் நேரடியாக கியர்பாக்ஸிலேயே நிற்கும் பின்சக்கர இழுவைக் கார்களில் இன்ஜினின் ஆட்டமும் இதோடு சேரும். கேபிள் வழியாக வேலை செய்யும் முன்சக்கர இழுவைக் கார்களில் பலவற்றுக்கு கியர்பாக்ஸின்மேல் கேபிள் இழுக்கும் செலக்டர் நெம்புகோலிலேயே கம்பெனி ஒரு எடைக்கட்டியை வைத்திருக்கும். பானெட்டைத் திறந்து பார்த்தால் தெரியும், இரும்புப் பிடி மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அது இருந்தால் நாப்பில் எடை கூட்டுவதன் பலன் குறைவாகவே தெரியும், அந்த வேலை ஏற்கெனவே கீழே நடந்துகொண்டிருக்கிறது.

அப்புறம், கியர் கரகரக்கிறது, விழ மறுக்கிறது என்பதற்காக நாப் மாற்ற நினைத்தால் நிறுத்துங்கள். லிவரை ஆடாமல் தாங்கும் புஷ் தேய்ந்திருந்தால் அதை மாற்றுங்கள், நாப்பில் கிடைக்கும் மாற்றத்தைவிட பெரிய மாற்றம் அதில் கிடைக்கும். கியர் ஆயிலை மாற்றி எவ்வளவு நாளாயிற்று என்று பாருங்கள். கையேட்டில் ஜிஎல்-4 என்று போட்டிருந்தால் உசத்தி என்று நினைத்து ஜிஎல்-5 ஊற்றாதீர்கள், சிங்க்ரோவுக்கு உரசல் வேண்டும், ஜிஎல்-5இல் இருக்கும் சேர்மானங்கள் அதைக் கெடுக்கும்.

எடையைப் பொருள்தான் தீர்மானிக்கிறது. 50 மி.மீ. விட்டமுள்ள ஒரு திட உருண்டையின் கொள்ளளவு 65 கன செ.மீ. சுமார். அதை அசிட்டால் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் கடைந்தால் 90 கிராம் சுமார், அலுமினியத்தில் 177, டைட்டானியத்தில் 290, ஸ்டீலில் 515, பித்தளையில் 555. மரைக் குழிக்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். 50 மி.மீ. அலுமினிய உருண்டை 400 கிராம் என்று யாராவது விற்றால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது அல்லது தராசில் ஏதோ இருக்கிறது. நீங்கள் தேடும் 250, 300 கிராம் பெரும்பாலும் உள்ளே ஸ்டீல் மையமும் வெளியே பிளாஸ்டிக்கோ தோலோ மூடியதுமான நாப்பில் கிடைக்கும். எனக்குப் பிடித்த கூட்டணியும் அதுதான்.

காரணம் வெயில். கண்ணாடிக்குக் கீழே நாள் முழுக்க நின்ற காரில் உலோக நாப்பைத் தொட்டவருக்கு விளக்கம் தேவையில்லை. உலோகமும் பிளாஸ்டிக்கும் ஒரே சூட்டில்தான் இருக்கும், ஆனால் அலுமினியம் அந்தச் சூட்டை ஒரு நொடியில் கைக்குக் கொடுத்துவிடும். அலுமினியத்தின் வெப்பக் கடத்தல் துருப்பிடிக்காத ஸ்டீலைவிட ஏறத்தாழ பத்து மடங்கு. ஸ்டீலினுடையது பிளாஸ்டிக்கைவிட பல பத்து மடங்கு. ஆகவே உலோகம்தான் வேண்டுமென்றால் ஸ்டீலோ டைட்டானியமோ அலுமினியத்தைவிடக் கொஞ்சம் கருணை காட்டும். குளிர்ப் பிரதேசத்தில் இதே கதை தலைகீழாக நடக்கும், காலையில் நாப் பனிக்கட்டியாக இருக்கும். நான் அந்த முதல் அலுமினிய உருண்டைக்குப் பதிலாகச் சரியான பிட்சில் இன்னொன்று வாங்கி ஒரு கோடை முழுக்க அதன்மேல் பழைய காலுறையை மாட்டிக்கொண்டு திரிந்தேன். அழகுக்காக வாங்கியதைக் காலுறையால் மூடி வைத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

முழுக்க ஒளி ஊடுருவும் கண்ணாடி அல்லது அக்ரிலிக் உருண்டை வேண்டவே வேண்டாம். உள்ளே குமிழ்கள் மிதக்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் தெளிவான உருண்டை ஒரு லென்ஸ். நிறுத்திய காரில் சூரிய ஒளியை ஒரு புள்ளியில் குவித்து சீட்டுத் துணியைக் கருக்கிவிடும். குரோம் முலாம் பூசிய மலிவு வார்ப்பு நாப்களும் வேண்டாம், முலாம் உரிந்தால் ஓரம் விரலைக் கீறும்.

கனம்தான் உசத்தி என்று வாதாடுகிறவரிடம் சொல்ல ஒரு கதை இருக்கிறது. போர்ஷே தன் 917 பந்தயக் காரில் கியர் நாப்பை பால்சா மரத்தில் செய்தது. உலகத்தில் கிடைக்கும் மரங்களில் மிக லேசான ஜாதிகளில் ஒன்று அது, காரில் ஒவ்வொரு கிராமையும் எண்ணிக் குறைத்தார்கள். பின்னாளில் வந்த கரேரா ஜிடி காரில் அதன் ஞாபகமாக மரத்திலேயே நாப் வைத்தார்கள். 1992இல் ஹோண்டா என்எஸ்எக்ஸ் டைப் ஆர் காருக்கு டைட்டானியம் நாப் கொடுத்தது. லேசான நாப்போடும் வேகமாக ஓட்டியிருக்கிறார்கள். பொருத்தம் காருக்குக் கார் வேறு.

வடிவத்துக்கு நான் நிறையப் பேசப் போவதில்லை, உங்கள் கைதான் பேச வேண்டும். மேலிருந்து உள்ளங்கையால் மூடிப் பிடிக்கிறவருக்கு உருண்டை. பக்கவாட்டில் விரல் சுற்றிப் பிடிக்கிறவருக்கு நீளமான துளி வடிவம் அல்லது உருளை. உருண்டையின் அளவைக் கற்பனை செய்யக் கடையில் கிடைக்கும் பந்துகளே போதும்: டேபிள் டென்னிஸ் பந்து 40 மி.மீ., கோல்ஃப் பந்து 43க்குக் கொஞ்சம் கீழே, ஸ்னூக்கர் பந்து 52.5, பூல் பந்து 57. ஒவ்வொன்றையும் கையில் வைத்து கண்ணை மூடி மூன்றிலிருந்து நாலுக்கு இழுப்பதுபோல இழுத்துப் பாருங்கள். பெரும்பாலான கைகளுக்கு ஸ்னூக்கர் பந்துக்கு முன்பின்னாக எங்கேயோ சுகமாக இருக்கும்.

உயரம் மட்டும் கொஞ்சம் கவனம் கேட்கிறது. லிவர் திரும்பும் புள்ளியிலிருந்து கை பிடிக்கும் இடம் 30 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 செ.மீ. குட்டையான நாப் போட்டால் கை நகரும் தூரம் பத்தில் ஒரு பங்கு குறையும், ஆனால் அதே அளவு பலம் கூடுதலாக வேண்டும். ஷார்ட் ஷிஃப்டர் (கியர் மாற்றும் தூரத்தைக் குறைக்கும் லிவர்) போட்டது மாதிரி இருக்கிறது என்று சிலர் சொல்வது இதைத்தான். உயர்த்தினால் இது தலைகீழ், கியர் இலகுவாகும், தூரம் கூடும். உயரமான நாப் வாங்கும் முன் ஒன்று, மூன்று, ஐந்தில் அது டாஷ்போர்டில் முட்டுமா, இரண்டு, நாலு, ஆறில் கைத்தாங்கியில் முட்டுமா என்று அளந்து பார்க்க வேண்டும். உருண்டையின் மேல் கியர் வரிசை பொறித்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஜப்பானில் வாகனச் சோதனைக்கு அது வேண்டும், அமெரிக்க விதியும் ஓட்டுநர் கண்ணில் படும்படி வரிசை காட்டப்பட வேண்டும் என்கிறது. உங்கள் காரை வேறொருவர் நகர்த்த வேண்டி வரும்போது அவருக்கும் அது உதவும்.

மாட்டும் வேலை அரை மணி நேரம். பழையது வரவில்லையென்றால் கம்பெனி மரைப் பசை போட்டிருக்கும். ஹேர் டிரையரால் ஐந்து நிமிடம் சூடு காட்டி, ரப்பர் கையுறையோடு இடஞ்சுழியாகச் சுற்றுங்கள். பிளையர் வைத்து லிவரைப் பிடிக்காதீர்கள், காயப்பட்ட மரை புது நாப்பையும் காயப்படுத்தும். லிவரைச் சுற்றியுள்ள தோல் உறையின் கழுத்து பல கார்களில் பழைய நாப்போடு கிளிப்பில் மாட்டியிருக்கும். புது நாப்பில் அதைப் பிடிக்க வழியில்லையென்றால் தோல் கீழே சரிந்து லிவர் அம்மணமாக நிற்கும். உள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் டை போட்டு மடித்துவிட்டால் சரியாகும். நாப்பின் அடியில் லாக் நட் போடுங்கள். நாப்பைக் கடைசிவரை சுற்றி, கியர் வரிசை நேராக வரும்படி கொஞ்சம் பின்னுக்குத் திருப்பி, லாக் நட்டை மேலே ஏற்றி நாப்போடு இறுக்குங்கள். மரைப் பசை போடுவதென்றால் கைக் கருவியால் கழற்றக்கூடிய நீல வகை, அதுவும் ஒரு துளி.

முடித்ததும் இன்ஜின் அணைந்த நிலையில் ஆறு கியரும் ரிவர்ஸும் போட்டுப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து லாக் நட்டை மறுபடி ஒருமுறை இறுக்குங்கள், புது மரை முதல் வாரத்தில் கொஞ்சம் உட்காரும். தோல் உரிந்த பழைய நாப்பை ஒரு கவரில் போட்டு, அதில் மரை அளவை எழுதி டிக்கியில் வைத்திருங்கள். அடுத்தவர் கையில் காரைக் கொடுக்கும் நாளில் அவர் கேட்பது பெரும்பாலும் அதைத்தான்.